பெஞ்சின் நடுவே ஓர் இரும்பு

பினாங்கில் மாநகர் மன்ற உறுப்பினர் ஆவதற்கு ஓட்டுக் கேட்டுத் தெருத் தெருவாக அலைய வேண்டியதில்லை. ஒரு கடிதம் வரும். ஓராண்டுக்கு நியமனம். ஆண்டு முடியும்போது இன்னொரு கடிதம் வந்தால் இன்னோர் ஆண்டு. வராவிட்டால் வீட்டில் உட்கார்ந்து தோசை சுடலாம். எனக்கு நான்கு முறை வந்தது. முப்பது வருஷம் தமிழ்ப்பள்ளியில் சாக்பீஸ் தூசு தின்று ஓய்வு பெற்றவள் நான். பெண்கள் சங்கம் ஒன்றில் சும்மா இருக்காமல் வாயாடிக்கொண்டிருந்தேன். வாயாடிக்கு ஒரு நாற்காலி கொடுத்தால் அடங்குவாள் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும்.

முதல் கடிதம் வந்த அன்று என் வீட்டுக்காரர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்ப இனிமே லோங்காங் அடச்சா ஒங்கிட்டதான் சொல்லணும், இல்ல டீச்சர்?" என்றார். எங்கள் வீட்டு வாசல் சாக்கடை அப்போது அடைத்துத்தான் கிடந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். கோபம் வந்தால் மட்டும் பேர் சொல்வார், அதுவும் வருஷத்துக்கு ஒரு தடவை.

எங்கள் வீடு கெலுகோரில். அவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் வேலை பார்த்தார். பகல் ஷிஃப்ட் வாரங்களில், மாலை ஆறு மணிக்கெல்லாம் மோட்டாரில் என்னை ஏற்றிக்கொண்டு எஸ்பிளனேட் கடற்கரைக்குப் போவார். அங்கே கடலைப் பார்த்தபடி ஒரு மரப் பெஞ்சு இருந்தது. பச்சை பெயிண்ட், மூன்று பலகை, வலது ஓரத்தில் யாரோ கத்தியால் கீறிய இரண்டு எழுத்து. நிச்சயம் ஆன மறுவாரம் முதல் முதலாக என்னைக் கூட்டிப்போனதும் அங்கேதான். வடையும் வெள்ளரியும் இனிப்புக் குழம்பில் கலந்த பசம்பூர் ஒரு தட்டு வாங்கி இருவருக்கும் நடுவில் வைப்போம். நான் பேசுவேன். தலைமையாசிரியர், மாமியார், பசாரில் மீன்காரன் ஏமாற்றியது எல்லாம் பேசுவேன். அவர் பட்டர்வொர்த் ஃபெர்ரியைப் பார்த்துக்கொண்டே "ம்" போடுவார். தட்டு காலியானதும் அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் நகர்ந்து உட்காருவார். அவ்வளவுதான். முப்பது வருஷத்தில் நாங்கள் செய்த பெரிய காதல் அதுதான்.

இரண்டாவது நியமனக் கடிதம் வந்த வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் போய்விட்டது. பேச்சு கொஞ்சம் குழறினாலும் திரும்ப வந்தது. ஆனால் எங்கே உட்கார வைத்தாலும் உடம்பு இடது பக்கமாகச் சாயும். தலையணை வைத்தால் தலையணையோடு சாய்வார். பயிற்சி கொடுக்க வந்த பெண், "நீங்க பக்கத்துல ஒக்காந்து தோளால தாங்கிக்குங்க ஆண்ட்டி, அதுதான் அவருக்குப் பயம் போகும்" என்றாள். அன்றிலிருந்து சோஃபாவில், கட்டிலில், டாக்டர் அறை வாசலில், எங்கே என்றாலும் நான் அவருக்கு இடப்பக்கம். என் வலது தோளில்தான் அவர் இருப்பார். டிவி பார்த்துக்கொண்டே அப்படியே தூங்கியும் போவார். எனக்குக் கை மரத்துப்போகும். நகர மாட்டேன்.

கொஞ்சம் தெம்பு வந்ததும் அவர் கேட்ட முதல் விஷயம் சோறும் இல்லை, கறியும் இல்லை.

"பெஞ்சுக்குப் போலாமா?"

போகத்தான் நினைத்தேன். ஆனால் கடற்கரைச் சுவர் பழுதுபார்க்கும் வேலைக்காக அங்கே தகரம் அடித்து மறைத்து, பழைய பெஞ்சுகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். வேலை முடிந்து தகரத்தைப் பிரித்தபோது புதுக் கல் இருந்தது, புதுப் புல் இருந்தது, உட்கார ஒரு பலகை இல்லை.

"வீல்சேர்ல போயி பாத்துட்டு வரலாங்க" என்றேன்.

"வேணாம். வீல்சேர்ல ஒக்காந்தா எல்லாரும் என்னையத்தான் பாப்பாங்க. பெஞ்சுல ஒக்காந்தா நான் பாக்கலாம்."

அந்த நிமிஷமே முடிவு செய்தேன். மன்ற உறுப்பினர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேனே, என் மனுஷனுக்கு ஒரு பெஞ்சு போட முடியாதா?

மன்ற வேலை எப்படி நடக்கும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. உட்கார்ந்து உத்தரவு போடுவோம் என்று நினைக்கிறார்கள். கிழித்தோம்! காலை ஒன்பதுக்குக் குழுக் கூட்டம். தலையணை கனத்துக்கு ஒரு கோப்பு. மரக்கிளை, தெருநாய், குப்பைத்தொட்டி, கடைப் பெயர்ப்பலகையின் எழுத்து அளவு. அதிகாரி தலைப்பைப் படிப்பார். தலைவர் நிமிர்ந்து பார்த்து, யார் முன்மொழிகிறீர்கள், யார் வழிமொழிகிறீர்கள் என்று மலாயில் கேட்பார். இரண்டு கை உயரும். அடுத்தது. ஒரு காலையில் நாற்பது விஷயம் அப்படிப் போகும்.

மாதம் ஒருமுறை முழு மன்றமும் கூடும், எஸ்பிளனேட் திடலுக்கு எதிரே இருக்கும் பழைய வெள்ளைக் கட்டடத்தில். கூட்டம் முடிவதற்கு முன் ஒவ்வோர் உறுப்பினரும் எழுந்து தன் மனதில் உள்ளதைச் சில நிமிஷம் பேசலாம். அங்கேதான் நான் பெஞ்சைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். என் இருக்கையிலிருந்து பார்த்தால் ஜன்னல் வழியே அந்த இடம் தெரியும். வெறும் புல். அதைப் பார்த்துக்கொண்டே பேசுவேன். "மூத்த குடிமக்கள் கடலைப் பார்க்க உட்கார இடமில்லை" என்பேன். மாதா மாதம் மூத்த குடிமக்கள்தான். என் புருஷன் என்று வாயைத் திறக்க முடியாது. ஏனென்றால் அங்கே ஒரு விதி உண்டு. உங்களுக்கோ உங்கள் குடும்பத்துக்கோ சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் எழுந்து அதைச் சொல்லிவிட்டு, பேச்சு முடியும்வரை அறைக்கு வெளியே போய் நிற்க வேண்டும். நியாயமான விதிதான். நானே புது உறுப்பினர்களுக்கு அதைப் பாடம் எடுத்திருக்கிறேன்.

பக்கத்து இருக்கையில் ஒரு தம்பி, வக்கீல், என்னைத் தவிர அந்த வரிசையில் தமிழ் பேசத் தெரிந்த ஒரே ஆள். எனக்கு "பெஞ்சு அக்கா" என்று பேர் வைத்ததே அவன்தான். நான் எழுந்தால் போதும், "வந்துருச்சுலா பெஞ்சு" என்று முணுமுணுப்பான். அவனுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

இப்படியே ஒன்றரை வருஷம் போனது.

ஒரு குழுக் கூட்டத்தன்று மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா பன்னிரண்டரைக்குக் கிளம்பிவிடுவார், பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டும். அதற்குள் நான் போகாவிட்டால் அவர் தனியாக, தலையணையில் சாய்ந்தபடி இருப்பார். ஒருமுறை அப்படித் தரையில் விழுந்து கிடந்தார். அதனால் அந்த நேரம் வந்துவிட்டால் நான் எதையும் யோசிக்க மாட்டேன். வழிமொழிய யார் என்ற கேள்வி வந்த உடனே கையைத் தூக்குவேன், சீக்கிரம் முடியட்டும் என்று. வழிமொழிகிற இயந்திரம்.

அன்றைய கடைசி, இருபத்தேழாவது விஷயம்: பூங்காக்களிலும் கடற்கரையிலும் போடப்போகும் பெஞ்சுகளின் பொது வடிவம். பெஞ்சு என்ற சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடைசியில் வந்துவிட்டது! பின்னிணைப்பில் ஒரு படம் இருந்தது. பார்க்காமல் இல்லை, பார்த்தேன். நல்ல நீளப் பெஞ்சு, மரமும் இரும்பும், நடுவில் வளைவாக ஒரு கம்பி. "பயனாளர்களின் வசதிக்கு" என்று எழுதியிருந்தது. வயதானவர்கள் பிடித்து எழுவதற்குப் போலிருக்கிறது, பரவாயில்லையே, யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தலைவர் கேட்டார். கை தூக்கினேன். தம்பி என் காதோரம், "வாழ்த்துகள் அக்கா" என்றான். பன்னிரண்டு இருபத்தெட்டுக்கு நான் வீட்டு வாசலில்.

உண்மையிலேயே எனக்குத் தெரியாதா? இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன். அதற்கு ஆறு மாதம் முன்னால், கடற்கரையிலும் கடை நடைபாதைகளிலும் ஆட்கள் படுத்துக் கிடக்கிறார்கள் என்று புகார்கள் வந்தன. அந்தக் கூட்டத்தில் நானும்தான் இருந்தேன். "சுற்றுப்பயணிகள் வர்ற எடம், பாக்க நல்லா இல்ல, ஏதாச்சும் பண்ணுங்க" என்று நானும்தான் சொன்னேன். ஏதாச்சும் பண்ணினார்கள். அந்தக் கம்பி அதுதான். யாரும் காலை நீட்டிப் படுக்கக் கூடாது. கோப்பை ஒழுங்காகப் படித்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். முப்பது வருஷம் பிள்ளைகளைக் "கேள்வியை முழுசா படி, அப்புறம் எழுது" என்று திட்டியவள் நான்.

பெஞ்சு வந்தது. அதே இடத்தில், கடலைப் பார்த்து. நான் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை மாலை அவருக்கு நீலச் சட்டை போட்டு, தலை சீவி, பவுடர்கூடப் போட்டுவிட்டேன். "பொண்ணு பாக்கவா கூட்டிட்டுப் போற?" என்றார். தம்பி காரோடு வந்தான். எஸ்பிளனேடில் இறங்கியதும் அவருக்குப் புரிந்துவிட்டது. வீல்சேரில் இருந்தபடியே வலது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.

தம்பி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தூக்கி உட்கார வைத்தோம். நான் சுற்றி வந்து அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன். நடுவில் அந்த இரும்பு. அவர் வழக்கம்போல என் பக்கம் சாய்ந்தார். விலா எலும்பு கம்பியில் போய் இடித்தது. "ஸ்ஸ்" என்றார். நிமிர்த்தினேன், மறுபடியும் சாய்ந்தார், மறுபடியும் இடித்தது. என் துண்டை மடித்துக் கம்பியில் சுற்றினேன். சரிப்படவில்லை. அவர் உட்கார்ந்த பாதியிலேயே நானும் நெருக்கி உட்காரப் பார்த்தேன். என் உடம்புக்கு அது முடிகிற காரியமா! தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்குள் அவர் கேட்டார்.

"யாரு வச்சா இத?"

குழறல்தான், ஆனால் தெளிவாகக் கேட்டது. தம்பி சட்டென்று, "மன்றத்துல எல்லாம் சேந்து முடிவு பண்றதுலா அண்ணே" என்றான். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னான். ஆனால் அந்த மனுஷரிடம் நான் எந்த நாளும் பொய் சொன்னதில்லை.

"நாந்தாங்க" என்றேன். "படிக்காம கை தூக்கிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார். வாயின் ஒரு பாதி சிரித்தது. "நல்லா வேல செஞ்சிருக்க டீச்சர்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இரண்டு நிமிஷம் கழித்து, "சேர்லயே ஒக்கார வச்சிரு" என்றார். பசம்பூர் வாங்கி மடியில் வைத்து ஊட்டினேன். ஃபெர்ரி ஒன்று போனது. போவோர் வருவோர் எல்லாம் அவரைத்தான் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் பெஞ்சைப் பற்றிக் கேட்கவே இல்லை. நான்தான் பைத்தியம் பிடித்தவள் மாதிரி அலைந்தேன். அந்தத் துறை அதிகாரி ஒரு மலாய்க்காரர், பொறுமைசாலி. அவர் அறைக்குப் போய், அந்த ஒரு பெஞ்சில் மட்டும் நடுக்கம்பியை எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். வழிமொழிந்தவர் என்ற இடத்தில் என் பேர்.

"புவான், ஒன்றை எடுத்தால் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்வார்கள். மன்றம் முடிவு செய்ததை நான் எப்படி மாற்றுவது?" என்றார், புவான் என்று மலாயில் மரியாதை கொடுத்தே.

அடுத்த முழுக் கூட்டத்தில் என் முறை வந்தபோது எழுந்து நின்றேன். மூத்த குடிமக்கள் என்று ஆரம்பித்தேன். போதும் இந்த வேஷம் என்று தோன்றியது. "என் கணவர்" என்றேன். அவர் இடது பக்கம் சாய்வார், என் தோள் வேண்டும், நடுவில் நான் வழிமொழிந்த இரும்பு இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொல்லி முடித்தேன். தலைவர் மிகவும் மரியாதையாக, "அப்படியானால் புவான் சொந்த நலனை அறிவிக்கிறீர்களா?" என்று கேட்டார். அறிவிக்கிறேன் என்றேன். வெளியே போய் வராந்தாவில் நின்றேன்.

உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வெயில் கொளுத்தியது. திடலுக்கு அப்பால் அந்தப் பெஞ்சு காலியாக இருந்தது. எனக்காக வாதாட எனக்கே உரிமை இல்லாமல் அங்கே நின்ற பத்து நிமிஷமும், எனக்கு வேறெதுவும் வேண்டாம், அவர் தலை என் தோளில் இருக்க அரை மணி நேரம் கடலைப் பார்த்தால் போதும் என்றிருந்தது. கதவைத் திறந்து கூப்பிட்டார்கள். கூட்டக் குறிப்பில் "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று எழுதினார்கள். அதன் பொருள் எனக்கு நன்றாகத் தெரியும். நானே எத்தனையோ பேருக்கு அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு காலை, அவர் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கும் என் தோளில்தான் இருந்தார். டீ ஆறிக்கொண்டிருக்கிறதே என்று நான் திட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த ஆண்டு முடிவில் கடிதம் வரவில்லை. வந்திருந்தாலும் நான் எங்கே போவதற்கு அவசரப்பட்டுக் கை தூக்கியிருப்பேன்?

காரியமெல்லாம் முடிந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். தம்பி போன் செய்தான். "அக்கா, கம்பிய அறுத்துட்டாங்க" என்றான். அந்த அதிகாரி கடற்கரையைச் சுற்றிப் பார்க்கப் போனாராம். அந்த ஒரு பெஞ்சில் மட்டும் நடுக்கம்பி ஆடுகிறது, பொதுமக்களுக்கு ஆபத்து என்று அறிக்கை எழுதி, ஆள் அனுப்பி அறுத்து எடுக்கச் சொல்லிவிட்டாராம். அது கொஞ்சம்கூட ஆடவில்லை. துண்டைச் சுற்றிப் பார்த்த எனக்குத் தெரியாதா? அந்த நல்ல மனுஷருக்கு நன்றி சொல்லி ஒரு வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. எங்கே இருந்தாய் ஐயா மூன்று மாதமாக என்றுதான் வந்தது. பேனாவை வைத்துவிட்டேன்.

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ஒரு மாலை, லிட்டில் இந்தியாவில் சாமிக்குப் பூ வாங்கப் போனேன். கால் அதுவாகவே எஸ்பிளனேடுக்கு நடந்தது. பெஞ்சில் ஒருவர் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தார். தலைக்கு ஒரு பிளாஸ்டிக் பை, பக்கத்தில் ஜப்பான் சிலிப்பர். என் வயசுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். நான் வந்து நின்ற நிழல் பட்டதும் எழுந்து, காலை மடக்கிக்கொண்டார்.

"ஒக்காருங்கம்மா, எடம் இருக்கு."

உட்கார்ந்தேன். பழக்கம், இடது பக்கம்தான். எங்களுக்கு நடுவில் அறுத்த இரும்பின் இரண்டு மொட்டைத் தழும்பு. அவர் அதைத் தட்டிக் காட்டினார்.

"முந்தி இங்க ஒரு கம்பி இருந்துச்சும்மா. படுக்க ஏலாது, கீழ புல்லுலதான் கெடப்பேன். மழ பேஞ்சா சுசாலா, ரொம்பக் கஷ்டம். எவரோ புண்ணியவான், எடுத்துட்டாரு."

வைத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நானாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஃபெர்ரி ஒன்று அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. அவருக்குப் பகலெல்லாம் என்ன வேலையோ, என்ன களைப்போ, உட்கார்ந்தபடியே கண் சொருகியது. தலை தொங்கியது. உடம்பு மெல்ல இடது பக்கமாக, என் பக்கமாகச் சாய ஆரம்பித்தது. நான் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைக் கேட்காமலே என் வலது தோள் உயர்ந்து, தாங்குவதற்கு நகர்ந்துவிட்டது. படுவதற்கு ஒரு விரற்கடை இருக்கும்போது அவர் திடுக்கிட்டு விழித்து, "சாரிம்மா, சாரிம்மா" என்று அந்தக் கோடிக்கு ஒதுங்கினார்.

"பரவால்லண்ணே" என்றேன். "கால நீட்டிப் படுங்க. நான் கெளம்புறேன்."

எழுந்து சாலைக்கு வந்து கிராப் காருக்காக நின்றேன். திரும்பிப் பார்த்தபோது அவர் முழுப் பெஞ்சிலும் நீட்டிப் படுத்திருந்தார். என் வலது தோள் இன்னும் இறங்காமல் அப்படியே தூக்கியிருந்தது.